விகிதம் நாற்பத்தாறு ஆன வருடம்

சனிக்கிழமை மதியம் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி அவள் கூடத்துக்கு வந்தபோது மேஜையை ஒரு நீளத் தாள் அடைத்துக்கொண்டிருந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர். தாளின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, காய்ச்சல்காரனின் படுக்கையருகே மாட்டியிருக்கும் அட்டவணை மாதிரி ஏறி இறங்கி ஓடியது. பக்கத்தில் அவள் கணவன், வாரம் முழுக்கத் திரை பார்த்துச் சிவந்த கண்களோடு.

"உக்காரு. பத்து நிமிஷம்தான்."

பதினேழு வருடமாக அவளுக்குப் பழக்கமான பத்து நிமிஷம் அது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து என்றைக்கும் முடிந்ததில்லை. முதுகு படுக்கையைக் கேட்டது. ஆனாலும் உட்கார்ந்தாள்.

அவனை எல்லோரும் டீலர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரம்மா, கீழே இருக்கும் கடைக்காரர், ஏன், அவளுடைய சொந்தத் தம்பிகூட "டீலர் மாமா" என்றுதான் சொல்வான். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருட வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் 'வாங்கு' என்றால் வாங்குவான், 'வித்துடு' என்றால் விற்பான். யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் ஒவ்வொரு தடவையும் நிறுவனத்துக்கு ஒரு சொட்டுத் தரகு விழும். இந்த இரண்டு வருடமாகச் சந்தை தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவனெல்லாம் பங்கு வாங்கினான். சொட்டு ஆறாகிவிட்டது. டீலர் காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் வருவான். தூக்கத்தில்கூட "எத்தனை சார்?" என்பான்.

அவளுக்கும் அது முதுகு முறியும் மாதம்தான். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் அங்கேதான் அச்சாகும். பக்கம் பக்கமாக எண்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டில் இருக்கும் எண்ணையும் சரிபார்க்கும் அளவுக்கு வந்திருந்தாள். அச்சகத்தில் அவளுக்குப் பெயர் 'தப்பு மேடம்'. யார் வைத்தார்களோ, நிலைத்துவிட்டது.

"இது எங்க கம்பெனியோட பி.இ.," என்றான் டீலர், விரலைச் சிவப்புக் கோட்டில் ஓட்டி. "பதினோரு வருஷத்துக்குப் போட்டிருக்கேன்."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. பத்தாம் வகுப்பு. பாடப் புத்தகம் மடியில் இருந்தாலும் காது எப்போதும் கூடத்தில் இருக்கும். "பி.இ.ன்னா என்னப்பா? இன்ஜினியரிங்கா?"

"வாயாடி, நீ படி," என்றான். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உடனே ஆரம்பித்தான். "ஒரு பங்கு என்ன விலைக்குப் போகுது? அந்த ஒரு பங்குக்கு வருஷத்துல எவ்வளவு லாபம் வருது? விலையை லாபத்தால வகு. அதான் பி.இ. இப்ப எங்க பங்கு இருநூத்தி எழுபது. லாபம் முப்பது. வகுத்தா?"

"ஒன்பது."

"ஒன்பது! வருஷ லாபத்தைப் போல ஒன்பது மடங்குதான் விலை. பதினோரு வருஷ சராசரி எவ்வளவு தெரியுமா? பதினெட்டு." அவன் மனைவி பக்கம் திரும்பினான். "சராசரிக்கு வந்தாலே நம்ம பணம் ரெண்டு மடங்கு. நான் பேராசைப்படல. சராசரிக்குத்தான் ஆசைப்படுறேன்."

"நம்ம பணமா? எந்தப் பணம்?" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு இருந்தது ஒரே பணம். பதினோரு வருடமாக இருவர் பெயரிலும் சேர்ந்து கிடப்பது. மூன்றாம் மாடியில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் இதே வீட்டை வாங்குவதற்காக. வீட்டுக்காரம்மா வீட்டை விற்றுவிட்டு, தன் மகளோடு வெளியூர் போய் இருக்கப்போகிறாள். "உங்களுக்குத்தான் முதல்ல கேக்குறேன்மா, மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க" என்று போன வாரம் படி ஏறி மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாதி விலைக்குச் சேமிப்பு இருந்தது. மீதிக்கு வங்கிக் கடன், பத்து வருடம்.

டீலர் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுத்தான். நிறுவனம் ஊழியர்களுக்கு மட்டும், சந்தை விலையில் பத்து சதவீதம் குறைத்துப் பங்கு தருகிறது. மூன்று வருடம் விற்கக் கூடாது. திங்கட்கிழமை கடைசி நாள். கூட்டுக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஏற்கெனவே இருந்தது.

"மூணு வருஷம் வாடகைக்கு வேற எங்கயாவது இருப்போம். அப்புறம் கடனே இல்லாம வீடு வாங்குவோம். இந்த வீட்டைவிடப் பெருசா. லிஃப்ட் இருக்குற வீடா."

லிஃப்ட் என்றதும் அவளுடைய முழங்கால் ஒரு கணம் அவன் கட்சிக்குப் போய்விட்டது. அதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கணக்கு எங்க? கோடு மட்டும் இருக்கு."

"தப்பு மேடம் வந்தாச்சு!" என்று உள்ளிருந்து மகள் அறிவித்தாள்.

டீலர் நோட்டைத் தள்ளினான். அழகான கையெழுத்து அவனுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அவன் எழுதிய கடிதங்களில் சொன்ன விஷயங்களைவிட எழுத்துதான் அவளைக் கவிழ்த்தது. அதே எழுத்தில் பதினோரு வரிகள், மூன்று பத்திகள். விலை, லாபம், விகிதம். பழைய ஆண்டறிக்கைகளைத் தேடி எடுத்து, பல மதியங்களின் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்து எழுதியிருக்கிறான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது.

அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடிவு முதலில் கண்ணில் பட்டால், கண் அந்த முடிவுக்குச் சாதகமாகவே மற்ற எண்களைப் பார்க்கும். ஆகவே கூட்டுத்தொகையோ விழுக்காடோ, முடிவு இருக்கும் பத்தியை ஓர் அட்டையால் மறைத்துவிட வேண்டும். அது எந்த எண்களிலிருந்து வந்ததோ அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மேலிருந்து படித்தால் எண்கள் கதை சொல்ல ஆரம்பிக்கும். கதை கேட்பவன் பிழை பார்க்க மாட்டான். அவள் கையில் கிடைத்த கரண்ட் பில் அட்டையை எடுத்து விகிதப் பத்தியை மூடினாள்.

"ஏய், முக்கியமானதை ஏன் மறைக்கிற?"

"சும்மா இருங்க. பழக்கம்."

கீழிருந்து லாபத்தை வாய்க்குள் படித்தாள். முப்பது. இருபது. பதினொண்ணு. பத்து. எட்டு. ஏழு. நாலு. ரெண்டு. விரல் நின்றது. மறுபடி இருபது. பதிமூணு. ஆறு.

ரெண்டில் அவள் விரல் திரும்பி வந்தது. அதற்கு முந்தின வருடம் இருபது. அடுத்த வருடம் ரெண்டு. எழுத்தில் பிழையில்லை. ஆனால் அவளுக்கு அந்த இடத்தில் எண் தெரியவில்லை. மத்தியான வெயிலில் பூட்டாமல் திறந்து கிடந்த வீட்டுக் கதவு தெரிந்தது. நாற்காலியில், வேலைக்குப் போன சட்டையோடு, மூன்று மணிக்கே வீட்டில் உட்கார்ந்திருந்த கணவன் தெரிந்தான்.

"ஏங்க, லாபம் ரெண்டு வந்த வருஷம் என்ன விலை?"

"தொண்ணூத்தி ரெண்டு. பி.இ. நாப்பத்தாறு," என்றான். "பாத்தியா? நாப்பத்தாறு வரைக்கும் போயிருக்கு!"

"அதுக்கு முந்தின வருஷம்?"

"பி.இ. எட்டு."

"பி.இ. கேக்கல. விலை."

அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். "நூத்தி அறுபது."

"எட்டு நாப்பத்தாறாச்சு. சராசரியைத் தாண்டி எங்கயோ போயிடுச்சு. நூத்தி அறுபது என்னாச்சு?"

உள்ளறையில் பக்கம் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

"தொண்ணூத்தி ரெண்டாச்சு," என்று அவளே சொன்னாள். "விகிதம் மேல போச்சு, விலை கீழ வந்துச்சு. ஏன்னா லாபம் அதைவிட வேகமா விழுந்துச்சு. எட்டுல வாங்கினவன் கிட்டத்தட்டப் பாதிப் பணத்தைத் தொலைச்சுட்டு, சராசரிக்கு மேல போயிட்டோம்னு சந்தோஷப்பட்டிருப்பான்."

"அது ஒரு கெட்ட வருஷம்."

"கெட்ட வருஷம் வர்றதுக்கு முன்னாடி நல்ல வருஷமாத்தானே இருந்துச்சு? இப்ப இருக்கிற மாதிரி?"

"உனக்குப் புரியாது. நீ எழுத்து பாக்குறவ. நான் பதினாலு வருஷமா மார்க்கெட்ல இருக்கேன்." குரல் ஏறியது. "இந்தத் தடவை வேற. இப்ப ஜனங்க எல்லாரும் வந்துட்டாங்க. காலேஜ் பசங்க, ரிட்டயர் ஆனவங்க, எங்க ஆபீஸ் வாட்ச்மேன்கூட."

"எட்டு வந்தப்பவும் இந்தத் தடவை வேறன்னு சொன்னீங்க. பைக் வாங்கினோம். அடுத்த வருஷம் வித்தோம்."

பைக்கை இழுத்திருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. அதை விற்ற அன்று அவன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "குடை விக்கிற கடை ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. அடைமழை. அந்த மாச லாபத்தை வெச்சு யாராவது கடைக்கு விலை பேசுவாங்களா? வாங்க வர்றவன் முட்டாளா? உங்க பங்கை ஒன்பது மடங்குக்கு மேல எவனும் கேக்க மாட்டேங்கிறான்னா, மலிவா கிடக்குறதை யாரும் பாக்கலன்னு அர்த்தம் இல்ல. மழை நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப ஏறவே ஏறாதுங்கிற."

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஏறினாலும் ஏறும். ஆனா ஒன்பதுல இருக்கிறதால ஏறும்னு சொல்லாதீங்க. அந்த ஒரு வரி மட்டும் தப்பு."

டீலர் எழுந்து ஜன்னலுக்குப் போனான். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வரப் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தான்.

"என்னால முடியல," என்றான். திரும்பாமலே.

அவள் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"காதுக்குள்ள எந்நேரமும் யாராவது கத்திக்கிட்டே இருக்காங்க. ராத்திரி படுத்தா வலது காது மட்டும் தூங்க மாட்டேங்குது. கடன் வாங்கினா இன்னும் பத்து வருஷம். அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் அந்த ஹெட்செட். ஒரே ஒரு தடவை, ரெண்டு மடங்கு ஆச்சுன்னா... கழட்டி வெச்சுட்டு வந்துடுவேன். ஏதாவது சின்னதா பண்ணிக்கலாம். அதுக்காகத்தான் இந்தக் கணக்கெல்லாம். வீட்டுக்காகன்னு சொன்னது பொய்."

இவ்வளவு நேரம் ஒரு கணக்கில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம் என்றுதான் நினைத்திருந்தாள். இவனுடைய ஓய்வையல்லவா சிவப்பு மையில் அடித்திருக்கிறோம்! கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? பேனா மேஜையில்தான் இருந்தது. ஒரு மனிதன் மூன்று வருடமாவது நம்பிக்கையோடு இருந்துவிட்டுப் போகட்டுமே. இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. மூன்று வருடம் நம்பிவிட்டு அந்த ரெண்டைப் பார்த்தால் இவன் எழுந்திருக்க மாட்டான்.

மகள் கதவருகே வந்து நின்றிருந்தாள். "அம்மா, அந்த நாப்பத்தாறு வருஷம், நான் மூணாங்கிளாஸா?"

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஆமா" என்றாள் தாய்.

"அப்பா தினமும் ஸ்கூலுக்கு வந்து கூட்டிட்டுப் போவாரே, அந்த வருஷம்?" மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதான்ம்மா எனக்கு இருக்கிறதுலயே பிடிச்ச வருஷம். எல்லா வீட்டுலயும் ஆயாவோ அக்காவோ வருவாங்க. எங்கப்பா மட்டும் டை கட்டிட்டு வருவாரு. பிள்ளைங்க எல்லாம் உங்கப்பா பெரிய ஆபீசரான்னு கேக்கும்."

"அரைச் சம்பளம்டி அப்போ," என்றான் டீலர். "மதியத்துக்கு மேல ஆபீஸ்ல வேலையே இல்ல, போங்கன்னு அனுப்பிடுவாங்க. மனசுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன்."

"எனக்கென்ன தெரியும்? வழியெல்லாம் கதை சொன்னீங்க. நல்லாத்தான் சிரிச்சீங்க."

அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மேஜைக்கு வந்து, அட்டையை எடுத்துத் தானே விகிதப் பத்தியை மூடினான். ஆள்காட்டி விரலைக் கீழ் வரியில் வைத்து மேலே நகர்த்தினான். முப்பதில் கொஞ்சம் நின்றான். இருட்டில் வீடு வரும் நாட்கள். ஏழு, நாலு. ரெண்டில் வெகுநேரம் நின்றான். அவள் குறுக்கிடவில்லை. ஒவ்வொரு வரியையும் அவனைவிட யார் நன்றாக அறிவார்? விலையை எவனெவனோ முடிவு செய்தான். லாபம் மட்டும் நாள் முழுக்கப் பேசும் அவன் தொண்டை வழியாக வந்தது.

"நாப்பத்தாறு வந்தப்ப எங்க பழைய மேனேஜர் மீட்டிங் போட்டு, 'சந்தை நம்ம மேல வெச்சிருக்கிற நம்பிக்கையைப் பாருங்க'ன்னாரு," என்றான் மெல்ல. "நாங்க எல்லாரும் கை தட்டினோம். அரைச் சம்பளத்தை வாங்கிக்கிட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், சோகையாக, மூக்கின் வழியாக.

அப்போதுதான் போன் அடித்தது. இப்போதைய மேனேஜர். சனிக்கிழமைகூட விடாத மனிதர். டீலர் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். வீட்டில் இருக்கும்போது காதில் எதையும் வைப்பதில்லை அவன்.

"என்னய்யா டீலர், படிவம் ரெடியா? நம்ம ப்ராஞ்ச்ல நீ ஒருத்தன்தான் பாக்கி. மேலிடத்துல கேக்குறாங்க."

டீலர் மனைவியைப் பார்த்தான். அவள் எதுவும் சொல்லவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. இது அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும்; அவள் சொல்லி அவன் பங்கை மறுத்தால், அது வாழ்நாள் முழுக்க அவள் கணக்கில்தான் இருக்கும்.

"நான் போடல சார்."

"ஏன்? ஒன்பதுல கிடைக்குதுய்யா! வீட்டுல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார்." அவன் நெற்றியைத் தேய்த்தான். "நம்ம கம்பெனி விழுந்தா என் சம்பளம் விழும். அப்ப கைப்பணமும் அதே இடத்துல இருந்தா எங்க சார் போவேன்? ஏற்கெனவே நான் முழுசா அங்கதான் இருக்கேன். இதுக்கு மேல போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மேனேஜர், "யோசிச்சு திங்கக்கிழமை சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்த மனிதரும் போட்டிருக்கிறார் என்பதும், இப்போது அதை மனசுக்குள் மறுபடி கணக்குப் போடுகிறார் என்பதும் அவளுக்குத் தோன்றியது.

டீலர் டம்ளர்களை எடுத்தான். தாள் தானாகச் சுருண்டுகொண்டது.

"வீட்டுக்காரம்மாகிட்ட நாளைக்கே சொல்லிடு," என்றான். "கடனுக்குப் பேசலாம்."

"பத்து வருஷம் வேண்டாம். நான் வீட்டுக்கும் திருத்துறதுக்குக் கொஞ்சம் அறிக்கை கொண்டுவர்றேன். பன்னெண்டு மாசமும் யாராவது ஏதாவது அச்சடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஏழுல முடிச்சுடலாம்."

"நீ ஏற்கெனவே முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற."

"அதான் மாடி ஏறாம வீட்டுலயே உக்காந்து பாக்கலாம்னு சொல்றேன்."

அவன் மகளின் அறைக்குள் போய், அவள் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் கட்டிலிலேயே படுத்தான். "அப்பா, இது என் கட்டில்!" என்ற முனகல் கேட்டது. சிறிது நேரத்தில் மகள் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "வலது காதை மேல வெச்சுத் தூங்குறாரும்மா," என்று கிசுகிசுத்தாள்.

அவள் மேஜையருகே அப்படியே உட்கார்ந்திருந்தாள். படிவத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும் தாள். கிழிக்கவும் மனம் வரவில்லை. அந்தப் பங்கு ஏறித் தொலைத்தால்? ஏறக்கூடும். மழை இன்னும் இரண்டு வருடம் பெய்யக்கூடும். அப்படி ஏறினால், தம்பி வரும்போதெல்லாம், சொந்தக்காரர் கூடும்போதெல்லாம், "உங்கக்கா மட்டும் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா..." என்று அவன் ஆரம்பிப்பான். மூன்றாம் மாடிக்குப் பை தூக்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் லிஃப்டைப் பற்றிச் சொல்லிக் காட்டுவான்.

சொல்லிக் காட்டட்டும் என்று நினைத்தாள். அதைத் தாங்குவதற்கு அவளிடம் தெம்பு இருந்தது. படிவத்தை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, அவன் எழுந்திருக்கும்வரை யாரும் போன் செய்யாமல் இருக்க வேண்டுமே என்று அவனுடைய போனை அணைத்தாள்.